ஃபில்டரில் விழுந்த கோடு

எங்கள் அண்ணியிடம் துடைக்க ஒரு கண்ணாடியைக் கொடுத்து "சீக்கிரம்" என்று சொல்லிப் பாருங்கள். "பொறுங்க" என்பார். முதலாளி கேட்டாலும் அதே பதில்தான். அதனால் கேமரா வாடகைக் கடையில் அவருக்குப் பெயரே பொறுங்கக்கா. நானும் அங்கேதான், வாசல் பக்கத்து மேஜையில், பொருளைக் கொடுத்து வாங்கும் வேலை. வீட்டிலும் அண்ணி, கடையிலும் அண்ணி. எனக்குத் தப்பிக்க வழியே இல்லை.

லென்ஸுக்கு முன்னால் திருகி மாட்டும் ஃபில்டர்களைத் துடைப்பது அவர் வேலை. மேலே பூச்சு உள்ள கண்ணாடி. சாய்த்தால் ஊதாவும் பச்சையுமாக மினுங்கும். முதலில் ரப்பர் பந்தை அமுக்கித் தூசியை ஊதுவார். பிறகு துணியில் ஒரே ஒரு சொட்டுத் திரவம் விட்டு, நடுவில் தொடங்கி விளிம்பு வரை வட்டமாகத் துடைப்பார். கடைசியில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பார். நானாக இருந்தால் வாயால் ஊதி, சட்டை நுனியால் துடைத்துக் கொடுத்திருப்பேன்.

அப்படிப்பட்டவர் துடைத்த ஃபில்டரோடு ஒரு விளம்பரப் படக்காரர் கத்திக்கொண்டே திரும்பி வந்தார். விளக்கைப் பார்த்துக் கேமராவைத் திருப்பினால் படமெல்லாம் மங்கல் கோடு. அடுத்த வாரம் அதே புகாரோடு இன்னொருவர் வந்தார். முதலாளி அண்ணியைக் கூப்பிட்டார்.

"கண்ணு சரியாத் தெரியலைன்னா சொல்லிடுங்கம்மா. பேக்கிங் பக்கம் போயிடலாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்குறேன்."

இருபது வருடமாக உட்கார்ந்த மேஜை. அண்ணி கோடு விழுந்த ஃபில்டரை எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"என்ன அண்ணி, கண்ணு ரிட்டயர் ஆயிடுச்சா?"

"ஜன்னல்ல சுத்தமாத்தான் தெரியுது. அப்புறம் எங்கேருந்து வருது இந்தக் கோடு?" என்றார் அவர்.

திங்கட்கிழமை, படப்பிடிப்புக்குக் கொடுக்கும் பெரிய விளக்கை மேஜைக்கே தூக்கி வந்துவிட்டார். அதன் எதிரில் பிடித்தால் கோடு பளிச்சென்று தெரிந்தது. புதுத் திரவம் வாங்கினார். கோடு. கைக்கு கிரீம் பூசுவதை நிறுத்தினார். கோடு. இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று துடைத்துப் பார்த்தார். சனியன் பிடித்த கோடு போகவே இல்லை. புதன்கிழமைக்குள் அந்தப் பைத்தியம் எனக்கும் தொற்றிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன்.

"திரவமே இல்லாம துடைங்களேன் அண்ணி."

துடைத்தார். அப்போதும் கோடு.

"அப்போ துணிதான்டி!" என்று துள்ளினார்.

பெட்டி பிரிக்காத புதுத் துணி ஒன்றை எடுத்துத் துடைத்தார். கண்ணாடி கண்ணாடியாக இருந்தது. அதே ரகத்தில், துவைத்து வந்த துணியால் துடைத்தார். கோடு. அண்ணி துணியை மூக்கருகே கொண்டுபோனார்.

"பூ வாசனை வருதே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணி அந்தத் துணிகளை வீட்டுக்கு எடுத்து வந்து எப்போதும் தனியாக, வெறும் சோப்பில் அலசுவார். மூன்று வாரமாக, உதவி செய்கிறேன் பேர்வழி என்று, நான்தான் வீட்டுத் துணிகளோடு மெஷினில் போட்டுக்கொண்டிருந்தேன். மெத்தென்று இருக்கட்டுமே என்று வாசனைத் திரவத்தையும் தாராளமாக ஊற்றினேன். அது நூலில் ஒட்டிக்கொண்டு, துடைக்கத் துடைக்கக் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி படிந்திருக்கிறது.

நேராக முதலாளியிடம் போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் கோடு விழுந்த ஃபில்டரை வாங்கி ஜன்னலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அட, எனக்கும்தான் ஒண்ணும் தெரியல! உங்க கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா. நீங்க உங்க இடத்துலயே இருங்க."

அண்ணி தலையாட்டினார். சாயங்காலம் வரை, துவைத்து வந்த துணிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு நடக்கும்போது நானே ஆரம்பித்தேன்.

"திட்டிடுங்க அண்ணி. நான் செஞ்சதுக்கு நீங்க பேச்சு வாங்கினீங்க."

"திட்டுறதுக்கு என்ன இருக்கு? அந்த மேஜை போனா போகட்டும்னுதான் இருந்தேன். கண்ணே போயிடுமோன்னுதான் பயம்" என்றார். "பத்து நாளா வீட்டுல சாப்பிடுறப்போ உங்க ஒவ்வொருத்தர் முகத்தையும் நல்லாப் பார்த்து வெச்சுக்கிட்டு இருந்தேன். உன்னைத்தான் ரொம்ப நேரம் பார்த்தேன்."

நடுத்தெருவில் நின்று அழுதேன்.