கலர் அக்காவின் வெள்ளை

பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவளை எல்லோரும் கலர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு துண்டைக் காட்டினால் போதும், அச்சு அசலாக அதே நிறத்தைக் கலக்கித் தருவாள். அப்படிப்பட்டவளின் புறங்கையிலிருந்தே நிறம் வெள்ளைத் திட்டை விட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனது.

டப்பாவை வாங்கிய ஒருத்தர் அவள் விரல் படாமல் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தாங்கொள்ளி.

"கொஞ்ச நாளைக்கு குடோன்ல இருங்கக்கா. வர்றவங்க ஒரு மாதிரி பாக்குறாங்க."

கவுன்டர்தான் அவளுக்கு உயிர். அதைவிட்டு எழுந்தபோது அழுகையை அடக்கப் பெரும்பாடு பட்டாள்.

தோல் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "இது யாருக்கும் ஒட்டாது. டி செல்னு ஒரு காவல் படை உடம்புல இருக்கு. கிருமி புகுந்த செல்லைத் தேடிப் பிடிச்சு அழிக்கும். சிலது தோல்லயே தங்கிடும், அதே கிருமி மறுபடி வந்தா உடனே மடக்க. உங்களுக்கு அது நிறம் தர்ற செல்லையே எதிரின்னு நெனச்சிடுச்சு."

குடோனில் பெயிண்ட்டில் கலக்கும் தின்னர் வாசனையில் கண் சொருகும்போது, தோலுக்கடியில் மங்கலான தெருக்கள் தெரியும். காவல்காரர்கள் சத்தமில்லாமல் நடந்து, நிறம் அரைக்கும் வீடுகளின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போவார்கள். அவளுக்குக் கோபம் வரவில்லை. சின்ன வயதில் அம்மை கண்டபோது போராடியதும் இந்தக் கூட்டம்தானே! "நம்ம வீடுதான்பா, விட்ருங்க" என்று கையைத் தடவிக் கெஞ்சுவாள்.

களிம்பு போட்டாள். வெள்ளைக்குள் பழுப்புப் புள்ளிகள் எட்டிப் பார்த்தன. சரியாகிவிட்டது என்று நிறுத்தினாள். அதே இடத்தில் அதே வெள்ளை திரும்ப வந்தது.

"அந்த டி செல்லுங்களுக்கு ஞாபகம் ஜாஸ்தி" என்றார் டாக்டரம்மா.

இதற்காக எத்தனை நாள் ஒளிந்திருப்பது என்று, மறுநாள் நேராகக் கவுன்டரில் வந்து நின்றாள். "இன்னிக்கு யாராவது மூஞ்சி சுளிச்சா, நானே வேலைய விட்டுப் போயிடறேன் முதலாளி."

புதுவீடு கட்டும் பெண் ஒருத்தி நிறங்கள் அச்சிட்ட ஷேட் கார்டை உதட்டைப் பிதுக்கியபடி புரட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று குனிந்து அக்காவின் புறங்கையைத் தொட்டாள்.

"இதோ, பூசிப் பாத்திருக்கீங்களே! இந்த வெள்ளைதான் வேணும்."

முதலாளி பதறி எழுந்தார்.

"அது பெயிண்ட் இல்லம்மா. என் தோலு."

"ஐயையோ, தப்பா நெனச்சுக்காதீங்க!" என்றாள் வந்தவள். தொட்ட விரலை எடுக்கவில்லை. "ஆனா... இதே கலர் கலக்க முடியுமா?"

அக்காவுக்குச் சந்தோஷம்தான். வெள்ளையில் துளி சிவப்பும் மஞ்சளும் விட்டு, கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கலக்கினாள். அத்தனை அழகான வெள்ளையை அந்தக் கடை அதுவரை விற்றதில்லை.