ஜீப்புக்கு மடிப்பு மாற்றியவள்

போன ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் போனவள், வெறும் பையோடு வீடு திரும்பினேன். காரணம் ஒரு ஜீப். இப்போது அதை யாரும் ஜீப் என்று சொல்வதில்லை; நீளமாக ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள். பட்டுக்கடை ஒன்றின் வாசலில், நல்ல வெயிலில் நின்றுகொண்டிருந்தது. புதிதாகக் கல்யாணமானவர்கள் போலிருந்த இரண்டு பேர் அதன் துணிக்கூரையை மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்சக்கரத்தின் மேல் சாய்த்து வைத்த செல்போனில் எப்படி மடிப்பது என்று ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தக் கிளிப்ப மொதல்ல எடுங்க."

"அது லாஸ்ட்டுடி. நீ வீடியோவ பாரு, என்னப் பாக்காத."

சூடேறிய ரெக்சின் வாசனை என் மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், நான் அங்கேயே நின்றுவிட்டேன். அந்தப் பெண் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் ஜன்னலைப் பிடித்து மடிக்கப் போனபோது "அங்க மடிக்காதீங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு எங்கே மடிப்பது என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, எட்டு வருடமாக எனக்கு விடை தெரியாத கேள்வி அது.

பி.காம். முடித்த கையோடு நான் வேலைக்குச் சேர்ந்த இடம் காஞ்சிபுரத்தில் ஓரிக்கை போகிற சாலையில் இருந்த ஒரு பட்டறை. வண்டிகளுக்கு சீட் கவர், டாப் என்கிற துணிக்கூரை எல்லாம் தைக்கிற இடம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியது என்ன, பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதே நான்தான் முதல். அப்பா தறிக்குழியில் கால் வைத்தது ஏழு வயதில். அம்மாவுக்குப் பேருந்தின் நிறம்தான் அடையாளம். அதனால் வேலைக்குப் போன முதல் நாள் நான் எவ்வளவு நிமிர்ந்து நடந்தேன் என்று நினைத்தால் இப்போது கழுத்து வலிக்கிறது.

பட்டறை முதலாளி தயாளன் அண்ணன். என் பெயரை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. "காலேஜு, போன் அடிக்குது பாரு." "காலேஜு, டீ வந்துச்சா?" கிண்டல்தான். எனக்கோ அது பட்டம் மாதிரி இருந்தது. பெரிய தையல் மிஷினில் மும்தாஜ் அக்கா உட்கார்ந்திருப்பார். நான்கு மடிப்பு ரெக்சினை வெண்ணெய் மாதிரி தைப்பார். வாயும் அதே வேகத்தில் ஓடும்.

அண்ணன் ஒரு பழைய ஜீப்பை வாங்கி, ஆறு மாதம் அதோடு மல்லுக்கட்டி, பச்சை வண்ணம் அடித்து நிறுத்தினார். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுவது அவருடைய திட்டம். ஊரில் எல்லாரும் காரில் மாப்பிள்ளையை அழைத்துவந்த காலம் அது. "கார்ல வந்தா மாப்ளைய எவன் பாக்குறான்? ஜீப்புல நிக்க வெச்சிக் கூட்டியாந்தா ராஜா மாதிரி இருக்கும்மா" என்பார். மழை வந்தால் ஏற்றவும் விட்டால் இறக்கவும் வசதியாக ஒரு டாப் வேண்டும். சாதாரணப் படுதா என்றால் மும்தாஜ் அக்காவே தைத்திருப்பார். அண்ணனுக்கு மூன்று பக்கமும் ஜிப் வைத்த ஜன்னலோடு, உள்ளே இருப்பவர் முகம் தெரிகிற மாதிரி வேண்டுமாம். வடக்கே ஒரு கம்பெனியிலிருந்து வரவழைத்தார்.

புரட்டாசியில் பெட்டி வந்தது. பெட்டியைத் திறந்ததும் வந்ததே, அந்த வாசனைதான் போன ஞாயிற்றுக்கிழமை வந்த வாசனை. மேலேயே நான்காக மடித்த ஒரு காகிதம், முழுக்க ஆங்கிலம். அண்ணன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் என்னிடம் நீட்டினார்.

"இனிமே இந்த டாப்பு உன் பொறுப்பு. படிச்சி சொல்லு, நாங்க மாட்றோம்."

மும்தாஜ் அக்கா மிஷினை நிறுத்திவிட்டு, "ஆமாம்மா, நாங்கள்லாம் கை, நீ தலை" என்றார். அதில் எவ்வளவு கிண்டல் என்று அன்றைக்கு நான் அளந்து பார்க்கவில்லை.

காகிதத்தில் முதலில் போட்டிருந்தது, டாப்பைக் கதகதப்பான அறையில் ஒரு மணி நேரம் விரித்து வைக்க வேண்டும் என்பது. நான் படித்துச் சொன்னதும் எல்லாரும் சிரித்தோம். புரட்டாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு கதகதப்பான அறைக்கு எங்கே போவது? அடுத்தது, எட்டு இடத்தில் திருகு போடச் சொன்னது. எங்கள் ஜீப்பில் ஆறு துளைதான் இருந்தது. எந்தக் குளிர் தேசத்து வண்டிக்கோ எழுதியதை இந்தக் கம்பெனி அப்படியே அச்சடித்து அனுப்பியிருக்கிறது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். படித்தவள் சொன்னால் அப்பீல் கிடையாது.

ஆனாலும் மாட்டி முடித்தோம். மூன்று வளைவுக் கம்பியை நிமிர்த்தி, மேலே துணியைப் போர்த்தி, முன்கண்ணாடிச் சட்டத்தில் இரண்டு கொக்கியை இறுக்காமல் மாட்டி, பின்மூலை இரண்டையும் காடிப் பள்ளத்தில் நுழைத்து இழுத்தால் நான்கு விரல் எட்டவில்லை. அண்ணன் தொங்கிப் பார்த்தார். மும்தாஜ் அக்கா, "எவனோ அளவு தெரியாம வெட்டிட்டான்" என்றார். நான் காகிதத்தைப் பார்த்து, உச்சி வெயில் வரட்டும் என்றேன். எங்கள் தெருவில் தறிக்குப் பாவு நீட்டி இழைகளை இறுக்குவது விடிகாலையில். வெயில் ஏறினால் பட்டு இழை அறுந்துபோகும். இங்கே அதற்கு நேர்மாறு. பன்னிரண்டு மணிக்குத் துணி இளகி, நான்கு விரலும் தானாக வந்து சேர்ந்தது. வேடிக்கை பார்த்தவர்களில் யாராவது அப்பாவிடம் போய்ச் சொல்லியிருப்பார்களா என்ற நினைப்பில் எனக்கு மதியச் சோறுகூட இறங்கவில்லை. சாயங்காலம் அவரே பட்டறைக்கு வந்தார். இறுகி நின்ற துணியை விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பார்த்தார். "பாவு நல்லா நிக்குது" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

தகராறு மாட்டுவதில் இல்லை. மடிப்பதில்.

காகிதத்தின் அடியில் தெளிவாக எழுதியிருந்தது: ஜன்னலை எப்போதும் கோடிட்ட இடத்தில்தான் மடிக்க வேண்டும், வேறு இடத்தில் மடிக்கக் கூடாது. படித்தேன், நன்றாகப் புரிந்தது. புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் வருடத்தில் இரண்டு தடவை அம்மா தன் கூறைப்புடவையை எடுத்து நிழலில் காயவைத்து, பழைய மடிப்பை விட்டுவிட்டு வேறு மடிப்பாக மடித்து வைப்பார். "ஒரே மடிப்புல கெடந்தா சரிகை வெட்டு வுட்டுடும்டி" என்பார். காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவை இருக்கிற எந்த வீட்டிலும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. குளிர் தேசத்துக்காரனுக்கு மடிப்பைப் பற்றி என்ன தெரியும்? எட்டுத் துளை என்று சொன்னவன்தானே.

புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. ஒரு மாதம் முழுக்க ஒத்திகை. தினமும் டாப்பை இறக்கி, மடித்து, மறுபடி ஏற்றுவோம். ஒவ்வொரு தடவையும் நான் ஜன்னலை வேறு வேறு இடத்தில் மடிக்கச் சொன்னேன். ஒரு நாள் பாதியில், மறுநாள் மூன்றாக, அதற்கடுத்த நாள் குறுக்கே.

"இன்னாம்மா இது, ஜீப்புக்குக் கொசுவம் வெக்கிற?" என்று மும்தாஜ் அக்கா கேட்டார்.

"மடிப்பு மாத்தணுங்க்கா. அதான் முறை."

அண்ணன் காகிதத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் சொன்ன இடத்திலேயே ஜன்னலை மடித்தார். அந்தப் பார்வை எனக்கு இப்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அன்றைக்கு நான் கவனித்ததாகவே நினைவில்லை. ஒத்திகை முடிந்ததும் சில நாள் டாப்பைத் திறந்தபடி திருப்பருத்திக்குன்றம் வரைக்கும் போய் வருவோம். நான் முன்சீட்டில். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஜன்னலில் வெள்ளைக் கீறல்கள் மெல்ல வந்தன. தூசி என்று நினைத்துத் துடைத்தேன். பிறகு துடைப்பதை நிறுத்திவிட்டேன்.

ஐப்பசியில் முதல் முகூர்த்தம். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு. அண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு தானே ஓட்ட வந்தார். இந்த ஒன்று நன்றாக நடந்தால் கார்த்திகை முழுக்க வண்டிக்கு வேலை. கெட்டால் ஆறு மாத உழைப்பும் தெருவில். பாதித் தெரு போனதும் மழை. அடித்துப்பிடித்து டாப்பை ஏற்றினோம், ஜன்னலுக்கு ஜிப் போட்டோம். ஏற்றுவதில் ஒரு குறையும் இல்லை, ஐந்து நிமிடத்தில் முடித்தோம். அதற்குப் பிறகுதான் வண்டியைச் சுற்றி நின்றவர்கள் உள்ளே பார்த்தார்கள். ஜன்னல் முழுக்கச் சிலந்தி வலை. மாப்பிள்ளை இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ அசைந்தது.

பெண்ணுடைய அத்தை குடையோடு குனிந்து ஜன்னலைத் தட்டினார். "ஏம்பா, உள்ள மாப்ள இருக்காரா? இல்ல மாலைய மட்டும் அனுப்பிட்டீங்களா?"

தெருவே சிரித்தது. மாப்பிள்ளை தான் இருப்பதை நிரூபிக்க ஜிப்பைத் திறந்து தலையை வெளியே நீட்டினார். மண்டபத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் தலைப்பாகை நனைந்து சாயம் இறங்கி, காதோரம் சிவப்பாக ஒழுகியது. அண்ணன் கண்ணைத் தெருவிலிருந்து எடுக்காமல் ஓட்டினார். நான் பின்னால் நனைந்துகொண்டே நடந்தேன்.

மறுநாள் காலையில் அண்ணன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மட்டமான பிளாஸ்டிக்க அனுப்பி மானத்த வாங்கிட்டானுங்க. எழுது. இங்கிலீஷ்லயே எழுது. நீங்க சொன்ன மாதிரியேதான் எல்லாம் செஞ்சோம்னு எழுது."

அந்த இடத்தில் என் கை நின்றது. சொன்ன மாதிரியே செய்யவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். சொல்லியிருக்கலாம். சொன்னால் காலேஜு என்ற பெயர் என்ன ஆகும் என்று நினைத்தேன். எழுதினேன். அந்த வரியைப் பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதினேன். இன்றைக்கும் அந்த வரி மனப்பாடம்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. மன்னிக்க வேண்டும், அந்தச் சமயம் அனுப்பிய ஜன்னல்களில் வேறு சிலரும் குறை சொல்லியிருக்கிறார்கள், புதிய ஜன்னல்களை இலவசமாக அனுப்புகிறோம் என்று. எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. அப்படியென்றால் தப்பு என்னுடையதா, பிளாஸ்டிக்குடையதா?

புது ஜன்னல்களைக் கோடிட்ட இடத்தில் மட்டுமே மடித்தேன், ஒரு நூல் பிசகாமல். அடுத்த வருடம் ஆடியில் அந்தக் கோட்டிலேயே, கத்தி வைத்து அறுத்த மாதிரி விரிசல் விட்டது. அம்மா சொன்னது போலவே. மும்தாஜ் அக்கா குறுக்கே கறுப்பு ரெக்சின் பட்டை வைத்துத் தைத்தார். அதற்குப் பிறகு வந்த மாப்பிள்ளைகள் எல்லாரும் நெற்றி தனியாக, வாய் தனியாகத் தெரிந்தார்கள்.

காய்கறி வாங்காமல் வந்த அன்றைக்குத்தான் அண்ணனுக்குப் போன் செய்தேன். இப்போது வாலாஜாபாத்தில் மகள் வீட்டில் இருக்கிறார்.

"யாரு, காலேஜா? இன்னாமா, வழி தெரியாம போன் பண்ணிட்டியா?"

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். காகிதத்தில் என்ன எழுதியிருந்தது, நான் என்ன செய்தேன், கடிதத்தில் என்ன பொய் எழுதினேன்.

"அதான் படம் போட்டிருந்துதேமா" என்றார்.

"என்ன படம்?"

"கீழ. ஒரு ஆளு குனிஞ்சி ஜன்னல மடிச்சிக்கினு இருப்பான். கோட்டுமேலயே மடின்னு அம்பு காட்டியிருந்துது. படம் பாக்கறதுக்குமா காலேஜ் போவணும்?"

"அப்புறம் ஏண்ணே அப்பவே சொல்லல?"

"நீ படிச்ச புள்ள. படத்துக்குக் கீழ எழுத்துல வேற எதுனா போட்டிருக்கும், அதான் இது மாத்தி மாத்தி மடிக்குதுன்னு நெனச்சேன்." சிரித்தார். "வுடுமா. அந்த மாப்ளைக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது இப்ப. மூஞ்சி தெரியாததால ஒண்ணும் கெட்டுப் போவல."

தன் கண்ணால் பார்த்ததை விட என் படிப்பை நம்பியிருக்கிறார். திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மும்தாஜ் அக்கா ஆம்பூருக்குப் போய்விட்டார். ஜீப்பை யாரோ திருவண்ணாமலைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். இப்போது மாப்பிள்ளைகள் கூரையில் கண்ணாடி திறக்கிற காரில் வருகிறார்கள். பொத்தானை அழுத்தினால் திறக்கிறது, மழை வந்தால் மூடிக்கொள்கிறது. யாரும் எதையும் மடிப்பதில்லை.

அண்ணன் சொன்ன படத்தைப் பார்க்க வேண்டும் என்று என் சர்டிபிகேட் பைலைத் திறந்தேன். அந்தக் காகிதத்தைப் பட்டச் சான்றிதழுக்குப் பின்னால் வைத்திருந்தேன், வந்தபோது இருந்த அதே நான்கு மடிப்பில். பிரித்ததும் மடிப்போடு மடிப்பாக உதிர்ந்தது. படம் இருந்தது. ஆளின் தலை இருந்தது, கால்கள் இருந்தன. கைகளும் கைகளில் பிடித்திருந்ததும் இருந்த இடம் இற்றுப்போய், அதன் வழியாக மேசையின் மரம் தெரிந்தது.

உதிர்ந்தது போக மிச்சத்தைத் திரும்ப மடித்து வைக்க வேண்டும். பழைய மடிப்பிலா, புது மடிப்பிலா என்று தெரியவில்லை. மூன்று நாளாக மேசைமேல் விரித்தபடியே கிடக்கிறது. காற்றில் பறக்காமலிருக்க மேலே தண்ணீர்ச் செம்பை வைத்திருக்கிறேன்.