லிப்டுக்காரரின் தலையாட்டல்

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் குடும்பத்தில் லிப்டுக்காரர் என்றுதான் சொல்வோம். லிப்ட் பழுது பார்ப்பவர். யார் என்ன கேட்டாலும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர். "ஆட்டி ஆட்டியே உங்க கழுத்து தேய்ஞ்சிடும்" என்று நான் கேலி செய்தால், அதற்கும் தலையாட்டுவார்.

அவருடைய கம்பெனியில் மூத்த மெக்கானிக் ஒருவர் தன் மகனுக்கு இவர் மகளைக் கேட்டார். இவர் அங்கேயே தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, "உனக்குச் சம்மதம்தானேம்மா?" என்றார். துணி மடித்துக்கொண்டிருந்த பெண், "சரிப்பா" என்றாள். சம்மதம் கேட்ட லட்சணம் அவ்வளவுதான். இவர் கம்பெனி மூலம் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய் வந்ததும் கல்யாணம் என்று முடிவானது. அந்தப் பயிற்சிக்குச் சிபாரிசு செய்ததும் அதே மூத்தவர்தான்.

அங்கே பயிற்சி கொடுத்தவள் இவரைவிடச் சின்னவள். பிரேக் போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று காட்டிவிட்டு, புரிந்ததா என்று கேட்டாள். இவருக்குப் பாதிதான் புரிந்திருந்தது. ஆனால் மறுபடி கேட்டால், அவளுக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை என்று ஆகிவிடாதா? தலையாட்டினார். லிப்டை ஓட்டிப் பார்க்கும் முன், இவர் முறுக்கியிருந்த போல்ட்டில் அவள் கை வைத்தாள். வெறும் விரலுக்கே சுழன்றது.

போல்ட்டுக்காக அவள் கோபப்படவில்லையாம், தலையாட்டலுக்குத்தான். "புரியலன்னா புரியலன்னு சொல்லு, ஆமான்னு சொல்லி ஆளைக் கொல்லாதே" என்று பொரிந்து தள்ளிவிட்டு, "உங்க ஊர்ல யாரும் 'இல்லை'ன்னே சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டாளாம்.

"பெரியவங்ககிட்ட சொல்ல மாட்டாங்க."

"அப்ப அவங்க மனசுல இருக்கிறது எப்படித் தெரியும்?"

"முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்" என்றார் பெருமையாக. சொல்லி வாயை மூடுவதற்குள் அவருக்கு வீட்டு ஞாபகம் வந்தது. மகள் சரி என்றபோது அவர் பார்த்தது அவள் முதுகைத்தான்.

மதிய இடைவேளையில் வீட்டுக்கு போன் போட்டார். அப்போது நானும் அக்கா வீட்டில் இருந்தேன்.

"மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்காம்மா?"

"அதான் சரின்னு சொன்னேனேப்பா."

"அது எனக்காகச் சொன்னது. உனக்குப் பிடிச்சிருக்கா?"

 "வேணாம்ப்பா" என்று சொல்லி அவள் அழுதாள். "வாக்குக் கொடுத்தாச்சே, இனி எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் பேசுறது?" என்று அக்கா தலையில் கை வைத்தாள். எப்படியும் தூது போகிற வேலை என் தலையில்தான் விழும் என்று நினைத்தேன்.

விழவில்லை. இது போனில் சொல்கிற விஷயமில்லை என்று, ஊர் திரும்பிய அன்றே பெட்டியைக்கூடத் திறக்காமல் அவரே கிளம்பினார். துணைக்கு நான் போனேன். மூத்தவர் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க சம்பந்தி! தேதி குறிச்சிடலாமா?" என்றார். லிப்டுக்காரரின் தலை பழக்கதோஷத்தில் ஆட ஆரம்பித்தது. பாதியில் நின்றது.

"இல்லண்ணே. பொண்ணுக்கு இஷ்டமில்ல. அவளை ஒழுங்காக் கேட்காம நான் தலையாட்டிட்டேன். என் தப்புதான்ணே."

 மூத்தவர் கையை விட்டுவிட்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை.  இந்த மனிதரையா இத்தனை வருஷம் கேலி செய்தோம் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

மகள்தான் கதவைத் திறந்தாள்.

"சொல்லிட்டேம்மா" என்றார், அவள் முகத்தைப் பார்த்தபடியே.