துணி சுற்றிய நாற்காலி

திண்டிவனத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் திருமுருகனுக்குக் கல்யாண ஆல்பம் போட்டுச் சலித்துப்போய், குப்பையில் கிடப்பதைப் படம் பிடிக்கும் கிறுக்குப் பிடித்தது. அறுந்த செருப்பு, நசுங்கிய டிபன் பாக்ஸ் என்று எதைக் கண்டாலும் எடுப்பான். கீழே சமூகத்தைப் பற்றி நாலு வரி எழுதி ஃபேஸ்புக்கில் போடுவான். லைக் விழ விழ, பொருளைப் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடுவேன் என்ற மிதப்பும் ஏறிவிட்டது.

போன வாரம் ஏரிக்கரையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. உட்காரும் இடத்தில் வட்டமாக ஓட்டை. நடமாட முடியாத யாருக்கோ கக்கூஸாக்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. 'பெற்றவளுக்கு இவ்வளவுதான் மரியாதை' என்று எழுதிப் போட்டான். ஊரே ஷேர் செய்தது.

இன்று புனிதா என்ற பெண் ஸ்டூடியோவுக்கு வந்தாள். மாமியார் கெங்கம்மாளின் காரியத்துக்குப் படம் பெரிதாக்க வேண்டுமாம். அவள் நீட்டிய போனில் கிழவி சிரித்துக்கொண்டிருந்தாள், அதே நாற்காலியில்.

"படத்துலேர்ந்து நாற்காலியை மட்டும் எடுத்துடுங்கண்ணா. செத்தவங்க பொருளுன்னு ஏரிக்கரையில போட்டோம். எவனோ படம் புடிச்சுப் போட்டுட்டான். விழுப்புரத்து நாத்தனாரு அது அவங்கம்மா சேர்னு கண்டுக்கினு, எங்கம்மாவை இப்படியாடி வச்சிருந்தேன்னு ஒரே சண்டை. காரியத்துக்கே வரமாட்டேங்கிறாங்க."

"கடையில விக்கிற கக்கூஸ் சேர் வாங்கலியாம்மா?" என்று கேட்டான் திருமுருகன்.

"வாங்கினோம். கால் தரையில எட்டல, பயந்துக்கினு அழுதாங்க. எப்பவும் உக்கார்ற இதுலதான் உக்காருவேன்னாங்க. நான்தான் கத்தியைக் காய்ச்சி அறுத்தேன். தொடையில குத்தக்கூடாதுன்னு என் புடவையைக் கிழிச்சு விளிம்பெல்லாம் சுத்தினேன்."

அவன் தன் போனில் தான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஓட்டையைச் சுற்றிலும் பச்சைத் துணி, பிரியாமல் இருக்கத் தையல் வேறு. அத்தனையும் படத்திலேயே இருந்தது; அவன்தான் பார்க்கவில்லை.

"நான்தாம்மா அதைப் போட்டவன். இப்பவே எடுத்துடறேன். மன்னிச்சுடும்மா."

புனிதா கத்தவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எடுத்து இன்னா ஆவப்போவுது? என் நம்பர்னா நாத்தனாரு எடுக்கமாட்டாங்க. உங்க போன்லேர்ந்து போட்டு நீங்களே சொல்லுங்க."

அவள் எண்ணைச் சொல்லச் சொல்ல அழுத்தினான். மணி அடித்தது.

"யாருங்க பேசறது?" என்றது விழுப்புரத்துக் குரல்.

படத்துக்குப் படம் நாலு வரி எழுதுகிறவன் தட்டுத்தடுமாறி, "அந்த நாற்காலியைப் பத்தித் தப்பா எழுதினவன்மா" என்று ஆரம்பித்தான். புனிதா அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.