இரண்டரை முறை மதம் மாறியவர்

தெஹென் இதுவரை இரண்டரை முறை மதம் மாறியிருக்கிறார். ஒரு தடவைகூட அவராக எழுந்து எங்கேயும் போய் மாறவில்லை. ஆற்றங்கரையில் அதே மரவீடு, அதே படகுத்துறை. யாராவது ஒருவர் பேனாவோடு வந்து இறங்குவார். அவர் ஏறிப் போகும்போது தெஹென் வேறு ஆளாகியிருப்பார். அந்த அரைக் கணக்கைப் பிறகு சொல்கிறேன்.

முதல் தடவை 1966இல். தெஹெனுக்கு ஒன்பது வயது. ஜாவாவில் ஏதோ பெரிய ரத்தக் களரி என்று செய்தி வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. மதம் இல்லாதவன் கம்யூனிஸ்ட் என்று பேச்சு. ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்களில் மதம் என்ற கட்டத்தைக் காலியாக விட்ட இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், அவர்கள் திரும்பி வரவில்லை. அதன் பிறகு ஒரு குமாஸ்தாவும் ஒரு சிப்பாயும் எங்கள் ஊரான தும்பாங் லாப்பானுக்கு வந்து, படகுத்துறையிலேயே மேஜை போட்டு உட்கார்ந்தார்கள்.

“மதம்?” என்றார் குமாஸ்தா.

தெஹெனின் அப்பா துண்டானுக்கு அந்த வார்த்தை புரியவில்லை. “எங்களுக்கு வழக்கம் இருக்குங்க.”

“வழக்கம்னா, சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவறதும் வழக்கம்தான். மதம்னா ஒரு வேதப் புத்தகம் வேணும். ஒரு தீர்க்கதரிசி வேணும். வெளிநாட்டுலயும் நாலு பேரு அதைக் கும்பிடணும்.”

“என் மச்சான் பக்கத்து ஆத்துல இருக்கான். அங்கயும் இதே வழக்கந்தான்.”

“பக்கத்து ஆறு வெளிநாடு இல்லைய்யா!”

சிப்பாய் சிரித்தான். துண்டான் சிரிக்கவில்லை. மேட்டில் ஒரு தேவாலயம் இருந்தது, அதன் பள்ளிக்கூடத்தில்தான் மூத்த மகள் படித்தாள். பன்றிக்கறியை விடச் சொல்லாத மதம் அது ஒன்றுதான் என்பதும் ஊருக்கெல்லாம் தெரிந்த கணக்கு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பமே தண்ணீரில் நனைந்தது. துண்டான் மார்க்குஸ் ஆனார். மகள் ஹெர்மினா ஆனாள். தெஹெனுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள், அது யாருக்கும் வாயில் நுழையாததால் பழைய பெயரே நின்றுவிட்டது.

இரண்டு வருடத்தில் துண்டான் காய்ச்சலில் இறந்துபோனார். தேவாலயத்துக் கல்லறையில் சிலுவை நட்டுப் புதைத்தார்கள்.

இரண்டாம் தடவை 1980. தெஹெனுக்கு இருபத்து மூன்று வயது, சொந்தப் படகு வந்த புதிது. அந்த வருடம் அரசாங்கம் இன்னொன்றைக் கண்டுபிடித்தது: நாங்கள் கஹாரிங்கான் என்று சொல்லிக்கொண்டிருந்த வழக்கம் தனி மதம் இல்லையாம், ஆனால் இந்து மதத்தின் ஒரு கிளையாம். வெள்ளைத் தலைப்பாகை கட்டிய அதிகாரி ஒருவர் பாலியிலிருந்து வந்தார். அவரை ஊர் ஊராக ஏற்றிப் போனது தெஹெனின் படகுதான்.

“இந்துன்னா எங்க இருந்து வந்ததுங்க?” என்று சுக்கானைப் பிடித்தபடி கேட்டார் தெஹென்.

“இந்தியாவுல இருந்து.”

“அவங்க எங்களைப் பாத்திருக்காங்களா?”

“இல்லை.”

“நாங்க அவங்களை?”

“இல்லைப்பா.”

“அப்புறம் எப்படிங்க சொந்தம்?”

அதிகாரி நல்ல மனுஷர். “காகிதத்துல சொந்தம்” என்றார்.

“நாங்க சடங்குக்கு எருமை வெட்டுவோம், பன்னி வெட்டுவோம். அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?”

“பாலியிலயும் பன்னி உண்டு. இந்தியாவைப் பத்தி நீ ஏன் கவலைப்படறே?”

அது போதும் என்று தெஹெனும் அவர் அம்மாவும் கையெழுத்துப் போட்டார்கள். பூசாரிகள் ராத்திரி முழுக்கப் பாடுகிற கதைகளை யாரோ தட்டச்சு செய்து புத்தகமாக்கினார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. முன்பு தேவைப்பட்டால் கும்பிட்டோம், இப்போது வாரம் தவறாமல் கும்பிட வேண்டியிருக்கிறதே என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனால் ஒரு வாரமும் போகாமல் இருந்ததில்லை.

அக்கா ஹெர்மினா மட்டும் வரவில்லை. “நான் தேவாலயத்திலேயே இருந்துக்கறேன்” என்றாள். அங்கேயே கல்யாணம், அங்கேயே மூப்பர் பதவி. தம்பி வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் நாலு வீடுதான். கிறிஸ்துமஸுக்கு இவர் அங்கே சாப்பிடுவார், அறுவடைக்கு அவள் இங்கே பிரம்புக் குருத்துக் குழம்பு வைப்பாள். நாற்பது வருடம் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நம்பிக்கையைப் பற்றிப் பேசாமல் இருக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அம்மா வாயைத் திறந்துதான் காரியம் கெட்டது.

2016இல், போகப்போகிறோம் என்று தெரிந்த பிறகு, அம்மா மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு திவா பண்ணும்போது என்னைத் தனியா அனுப்பிடாதே. உங்கப்பாவையும் ஏத்தி விடு.”

திவா என்பது எங்களுக்கு இரண்டாவது சாவு. முதலில் மண்ணில் வைக்கிறோம். சில வருடம் கழித்து எலும்பை எடுத்துக் கழுவி, தூண்மேல் நிற்கிற சின்னப் பெட்டி வீட்டில் வைத்து, ஆவியைப் பேர் சொல்லிப் படகில் ஏற்றி முன்னோர் ஊருக்கு அனுப்புகிறோம். அது நடக்கிற வரைக்கும் இறந்தவர் வழியில்தான் நிற்கிறார். அம்மாவின் கணக்கில் அப்பா கிட்டத்தட்ட ஐம்பது வருடமாக வழியில் நின்றுகொண்டிருந்தார்.

சடங்குக்கு அனுமதி கேட்டு தெஹென் மாவட்ட அலுவலகத்துக்குப் போனது 2019இல். அங்கேதான் அந்த அரைத் தடவை. கணினி முன்னால் இருந்த பெண், அடையாள அட்டையைப் புதுப்பிக்கலாம் என்றாள். “இப்ப இந்துன்னு போடணும்னு இல்லைங்க ஐயா. கோர்ட்டே சொல்லிடுச்சு. ‘நம்பிக்கை’ன்னு போட்டுக்கலாம்.”

“நம்பிக்கைன்னா, மதமா?”

“மதம் இல்லைங்க.”

“அப்ப எந்தக் கட்டத்துல போடுவீங்க?”

“மதம்ங்கிற கட்டத்துலதான்.”

தெஹென் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஊருக்குள் பலபேர் அதைத்தான் விரும்பினார்கள், கடைசியில் நம் பேரிலேயே நாம் இருக்கலாம் என்று. அவர் மகள் லாமியாங்குக்கு அலைபேசி போட்டார். அவள் நகரத்து அரசுப் பள்ளியில் இந்து மத ஆசிரியை.

“அப்பா, அதுல கைய வைக்காதீங்க! எல்லாரும் மாறிட்டா எனக்குக் கிளாஸ்ல ஒரு பிள்ளை இருக்காது. என் வேலையே அந்த வார்த்தைமேலதான் நிக்குது.”

“சரிம்மா, நீ வாத்தியார்தானே, நீயே சொல்லு. மதம்னா என்ன?”

“பரீட்சையில கேட்டா ஒரு பக்கத்துக்கு எழுதுவேன். நீங்க கேட்டா எனக்குத் தெரியலைப்பா.”

படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெஹென் வந்துவிட்டார். அது இன்னும் பூர்த்தியாகவில்லை. அதனால்தான் அரை.

அப்பாவின் எலும்பை எடுக்க வேண்டுமென்றால் தேவாலயத்துப் போதகர் கேட்டது ஒன்றுதான்: பிள்ளைகள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தெஹென் காகிதத்தோடு அக்கா வீட்டுக்குப் போனார். ஹெர்மினா மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள். காகிதத்தைப் பார்க்கக்கூட இல்லை.

“அப்பா கிறிஸ்தவரா செத்தாரு. அவரு போக வேண்டிய இடத்துக்குப் போயாச்சு. இப்ப எலும்பைத் தோண்டி எங்க அனுப்பப் போறே?”

“பயந்துபோய் வெச்ச கைநாட்டு அது, அக்கா. உனக்கே தெரியும்.”

“கைநாட்டு பயத்துல வெச்சிருக்கலாம். சாகறப்ப எதுக்குப் பயம்? கடைசி வாரம் என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு வாசிக்கச் சொன்னாரு. ஏரியில புயல் அடிக்குமே, இயேசு படகுல தூங்குவாரே, அதை மூணு தடவை வாசிக்கச் சொன்னாரு. நான் சாட்சி.”

“அதே வாரம் என்கிட்ட அரிசியும் முட்டையும் குடுத்து, ஆத்துல இருக்கற ஆவிங்களுக்குப் போட்டுட்டு வாடான்னாரு. நானும் சாட்சி.”

ஐம்பத்தோரு வருடத்தில் இதை ஒருவருக்கொருவர் சொன்னதே இல்லை. அங்கேயே விட்டிருக்கலாம். தெஹென் விடவில்லை, தோற்கிற மாதிரி இருந்தால் அவருக்கு நாக்கு நீளும்.

“அவருக்கு எழுத்தே தெரியாது. பொண்ணு படிக்கிறதைக் கேக்க ஆசை. பஞ்சாங்கத்தை வாசிச்சிருந்தாலும் மூணு தடவை கேட்டிருப்பாரு.”

அப்பா கடைசியாக ஹெர்மினாவிடம் கேட்டது அந்த வாசிப்புதான். அதைத்தான் தம்பி தட்டிவிட்டான். கத்தியைக் கீழே வைத்தாள்.

“கையெழுத்துப் போட மாட்டேன். இன்னொண்ணும் கேட்டுக்கோ. திவாவுல நீ அப்பா பேரைச் சொன்னா, எனக்குத் தம்பி இல்லை.”

தெஹென் ஒரு மாதம் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. சொன்னது தப்பு என்று தெரிந்தது, போய்ச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அக்கா சொன்னது உண்மையாக இருந்தால் என்ன ஆகும் என்ற யோசனை வேறு. அப்பா நல்ல இடத்தில் நிம்மதியாக இருந்து, இவர் போய் இழுத்துவிட்டால்? அக்கா சொன்னது பொய்யாக இருந்தால், அம்மா முன்னோர் ஊரில் இறங்கித் தேடும்போது அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். கடைசியில் லாமியாங்கிடம் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார்: பேரைச் சொல்ல மாட்டேன், சடங்குக்கு மட்டும் வந்துவிடு என்று.

அந்த வருடக் கடைசியில் சடங்கு நடந்தது. ஹெர்மினா வந்தாள். எங்கள் திவாக்களில் எல்லா மதமும் வரும். கிறிஸ்தவ, முஸ்லிம் சொந்தக்காரர்களுக்குத் தனிப் பந்தல், முஸ்லிம் சமையல்காரர், தனிப் பாத்திரம். அந்தப் பந்தலில் கறுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு தம்பி பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் எலும்பு கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றி, தயாராக இருந்தது.

பெயர் சொல்கிற நேரம் காலை பத்து மணிக்கு வந்தது. பூசாரி சாலுண்டிக் அரிசிக் கூடையின் முன்னால் உட்கார்ந்து படகை வர்ணித்துப் பாடினார்: பொன் துடுப்பு, கொடி, மணி. பிறகு பாட்டை நிறுத்தி, வழக்கப்படி குடும்பத்தைக் கேட்டார். ஆவி ஒன்றுக்கு ஒரு கோழி. கோழி பிடிக்கிறவர் பின்னால் நின்றார்.

“யாரு ஏறுறா?”

தெஹென் அம்மாவின் பெயரைச் சொன்னார். ஒரு கோழியைத் தூக்கினார்கள்.

“வேற யாரு?”

தெஹென் குனிந்து அரிசிக் கூடையைப் பார்த்தார்.

“வேற யாரும் இருக்காங்களா? இல்லேன்னா ‘அவ்வளவுதான்’னு சொல்லுப்பா, படகைத் தள்ளணும்.”

ஒரே ஒரு வார்த்தை. தெஹெனுக்கு அது வரவில்லை. அக்காவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், மணிக்கட்டைப் பிடித்த அம்மாவின் விரல்கள் ஒரு பக்கம். அறுபத்திரண்டு வயதில், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சாலுண்டிக் மூன்றாம் தடவை கேட்டார்.

“துண்டான்” என்று ஒரு பெண்குரல் கேட்டது.

ஹெர்மினா பந்தலை விட்டு வெளியே வந்து வெயிலில் நின்றிருந்தாள். சடங்கு இடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த பிரம்புக் கயிற்றைத் தாண்டவில்லை. கை பையை இறுக்கிக்கொண்டிருந்தது.

“துண்டான்” என்றாள் மறுபடியும். “மார்க்குஸ்.”

கோழி பிடிக்கிறவர் குழம்பிப்போய்ப் பூசாரியைப் பார்த்தார். சாலுண்டிக் நாற்பது வருடமாக ஆவிகளை அனுப்புகிறவர், அவரே விழித்தார். “அம்மா, இது ஒருத்தரா, ரெண்டு பேரா? கோழி எத்தனை?”

ஹெர்மினா தம்பியைப் பார்த்தாள். பதினோரு மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

“ஒரு கோழி” என்றார் தெஹென்.

ஒரு கோழியைப் பிடித்தார்கள். பாட்டு மறுபடி தொடங்கியது, மணி அடித்தது, படகு கிளம்பியதாகச் சாலுண்டிக் பாடினார். தெஹென் எழுந்து கயிற்றருகே போய் நின்றார். அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் தம்பி.

“அன்னைக்கு நான் சொன்னது தப்புக்கா. நீ வாசிச்சதைத்தான் கேட்டாரு.”

“அதை விடு.” பாட்டு எந்தத் திசையில் போகிறது என்று பார்ப்பவள்போல ஆற்றைப் பார்த்தாள். “டேய், நான் என்ன பண்ணினேன்? அப்பா ஆண்டவர்கிட்டதான் இருக்காருன்னு இத்தனை வருஷமா நம்பினேன், இப்பவும் நம்பறேன். ஆனா அம்மா தனியாப் போகணும்னு ஆனதும் உக்கார முடியல. நீ இத்தனை அதிகாரிங்களை ஏத்திட்டுப் போனவன், நீ சொல்லு. இப்ப நான் அப்பாவை வீட்டுக்குக் கூப்பிட்டேனா? இல்லை, வீட்டுல இருந்தவரை வெளிய அனுப்பிட்டேனா?”

தெஹென் கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி அக்காவின் பையை வாங்கிக்கொண்டார். அவள் அதைக் கொடுத்துவிட்டு, வெறும் கையோடு நின்று அழுதாள்.