டிஸ்க்குக்கு வைத்த சந்தனம்

கம்ப்யூட்டரில் ஒரு தடவை போட்டு வைத்துவிட்டால் அது கோயில் கல்வெட்டு மாதிரி, அழியவே அழியாது என்று நம்பியவன் நான். நம்பியதோடு நின்றிருக்கலாம். நாலு பேருக்குப் புத்தியும் சொன்னேன்.

ஊதுபத்திக் கம்பெனியில் நான் கணக்கெழுதிய காலத்தில் எல்லாம் ஃப்ளாப்பிதான். வெயிலில் கெட்டுப்போகும் என்று யாரோ சொல்ல, டிபன் டப்பாவில் போட்டு மூடி ஆபீஸ் ஃப்ரிட்ஜில் வைத்தேன். மேனேஜர் பசியோடு திறந்து பார்த்துவிட்டு, "இதுக்குத் தொட்டுக்க என்னய்யா?" என்றார். அப்புறம் சி.டி. வந்தது. அன்று முதல் ஃப்ளாப்பியைப் பார்த்துச் சிரித்தேன். ஹார்ட் டிஸ்க் வந்ததும் சி.டி.யைப் பார்த்துச் சிரித்தேன். புதுப் பணக்காரன் பழைய சொந்தத்தைப் பார்த்துச் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு.

எங்கள் கல்யாண வீடியோவும் இப்படித்தான் வீடு மாறியது. கேசட்டில் பிறந்து, சி.டி.யில் வளர்ந்து, ஹார்ட் டிஸ்க்கில் குடியேறியது. கேசட் பழைய சாமான் வண்டியில் ஏறியது. சி.டி.யைக் கயிற்றில் கட்டி, புறா விரட்ட பால்கனியில் தொங்கவிட்டேன். எங்கள் மைசூர்ப் புறாக்கள் அரண்மனை விளக்குக்கே அசராதவை. என் சி.டி.யில் முகம் பார்த்துக்கொண்டன.

அந்த வீடியோவில் என் மாமனார் பேசுவார். மனுஷர் வாயைத் திறப்பதே அபூர்வம், காலமாகிவிட்டார். அவர் குரல் என்று உலகத்தில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். தசராவுக்குப் பிறந்த ஊரான ஹனூரிலிருந்து தன் அண்ணன் வருகிறார் என்றதும் என் மனைவி சொல்லிவிட்டாள்: "அண்ணன் வந்ததும் அப்பா பேசறதப் போட்டுக் காட்டோணும்."

ஆயுத பூஜை அன்று காலை ஸ்கூட்டர், மிக்ஸி, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். டிஸ்க்கை மட்டும் விட்டால் கோபித்துக்கொள்ளுமே! ஆனால் அதன் வழவழப்பான முதுகில் சந்தனம் நிற்கவில்லை, வழுக்கியது. ஓரிடத்தில் மட்டும் நன்றாகப் பிடித்தது. அது வயர் சொருகும் ஓட்டை.

மத்தியானம் மச்சான் வந்தார். இலை எடுத்ததும் டி.வி. முன்னால் எல்லோரும் உட்கார்ந்தோம். வயர் உள்ளே போக மறுத்தது. அழுத்தினேன். பாதி போனது. டிஸ்க்கில் லைட் எரியவில்லை.

"என்னாச்சுங்க?" என்றாள் மனைவி.

"கரண்ட்டு கம்மி" என்றேன். தலைக்கு மேலே ஃபேன் சூறாவளியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மாமனாரை இரண்டாம் தடவை கொன்றவன் என்று ஹனூர் முழுக்கப் பேசுவார்கள். பால்கனிக்கு ஓடி சி.டி.யை அவிழ்த்தேன். வெயிலில் மேல்பூச்சு உரிந்து, அதன் வழியாக எதிர்வீட்டுக் கொடித்துணி தெரிந்தது. மிச்சமிருந்த இடத்தில் புறா தன் கருத்தைப் பதிவு செய்திருந்தது.

மச்சான் பின்னாலேயே வந்து நின்றார். "ஏனுங் மாப்ள, எங்கப்பனையா பொறா முடுக்கக் கட்டி உட்டிருந்தீங்க?"

என் மனைவியும் வந்து சி.டி.யைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. உள்ளே போய் டி.வி.யை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, பிரசவ வலிக்காரியைக் கொண்டுபோகிற பதற்றத்தோடு, மச்சானும் நானும் ஆட்டோவில் தேவராஜ மொஹல்லா ரிப்பேர் கடைக்குப் பறந்தோம். "மெல்லப் போப்பா, உள்ள பெரியவர் இருக்காரு" என்று டிரைவரிடம் சொன்னவர் மச்சான். கம்ப்யூட்டர் கடையிலும் பூஜை முடிந்து, மானிட்டர்கள் எல்லாம் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. ரிப்பேர்காரர் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தார்.

"பூஜே மாடித்தீரா சார்?" பூஜை பண்ணீங்களா என்று கன்னடத்தில் கேட்டார்.

"மாடிதே" என்றேன், குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் போல.

"நாங்களும்தான் பண்றோம். நெத்தியில வெப்போம் சார், மூக்குக்குள்ள வெக்க மாட்டோம்" என்றார் அவர், தமிழுக்கு மாறி. மச்சான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

டிஸ்க்குக்கு ஒன்றுமே ஆகவில்லை. சந்தனம் ஓட்டைக்குள் காய்ந்து வயரைத் தடுத்திருந்தது, அவ்வளவுதான். அவர் ஊசியால் சுரண்டி எடுத்தார். வீட்டுக்கு வந்து போட்டோம். பந்தியில் உட்கார்ந்திருந்த மாமனார் கேமராக்காரரை நிமிர்ந்து பார்த்து, "லைட்ட அக்கட்டால திருப்பு கண்ணு, சோத்துல பூச்சி உழுவுது" என்றார். அவர் பேசியது அவ்வளவுதான். என் மனைவி திரும்பப் போடச் சொன்னாள். போட்டேன்.