ரோசாவுக்கான கட்லட்

நான் பொய்ச்சாட்சியை அச்சில் ஏற்றியவள். அதுவும் சட்டம் படித்துக்கொண்டே! இதைவிட வெட்கம், அந்தப் பொய்யால் எங்கள் வீட்டில் சிரிப்பு பெருகிவிட்டது.

கேளுங்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியின் பலெர்மோ நகரில் சட்டம் பயின்ற நாங்கள் ஐந்து பேர் மாணவர் சட்ட இதழ் ஒன்றை நடத்தினோம். வீடுகளில் தங்கி வேலை செய்யும் லத்தீன் அமெரிக்கப் பெண்களின் ஓய்வு உரிமை பற்றி ஒரு சிறப்பிதழ். வியாழன் பிற்பகல் அவர்களுக்கு விடுமுறை. எத்தனை வீடுகள் அதை மதித்தன? ஆறு பெண்களின் வாக்குமூலங்களைத் திரட்டுவது என் பொறுப்பு. ஐந்து கிடைத்தன. ஆறாவது பெண், எக்குவடோர்க்காரி, தன் வதிவிட அனுமதிக்கு ஆபத்து வருமென்று கடைசி நாளில் பின்வாங்கினாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் சின்னம்மாவுக்கு ரோசா என்று பெயர் சூட்டி, அவளைப் பெரு நாட்டில் பிறக்கவைத்தேன்!

சின்னம்மா யாழ்ப்பாணத்துக்காரி. ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் தங்கி வேலை செய்தாள். வியாழன்தோறும் இவள் சப்பாத்து மாட்டிப் புறப்பட்டு நிற்கும்போதுதான் அந்த எசமானிக்குத் திரைச்சீலைகள் நினைவுக்கு வரும். இவளும் தோளில் கைப்பையோடே அயன் பெட்டியைப் பிடிப்பாள்... பேருந்து போய்விடும்.

முடிவை மட்டும் நான் கற்பனை செய்தேன். ரோசா ஒரு வியாழன் திரைச்சீலையைக் கீழே வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

வெளியீடு ஒரு ஞாயிறன்று, வியா மக்வேதா தெருவில், மாடி அறையொன்றில். பெரு நாட்டுப் பெண்கள் ஆடிப் பாடினார்கள். சின்னம்மா கட்லட் பொரித்து வந்திருந்தாள். ரோசாவின் பகுதியை ஒருவர் வாசிக்க, "என்னடி சொல்லினம்?" என்று என்னை விடாமல் நச்சரித்தாள். மொழிபெயர்த்தேன். பிடிபட்டேன் என்றே நினைத்தேன்... அவளோ என் கையை இறுகப் பற்றினாள்.

"அவளும் பையைத் தோளிலை போட்டுக்கொண்டே திரைச்சீலை மினுக்கினவளே? நான் ஒருத்திதான் இப்பிடி விசரி எண்டெல்லோ நினைச்சன்."

அடுத்த வியாழன் சீசா என்ற பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. சின்னம்மா! திரைச்சீலைகளை அப்படியே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"ரோசாவை நினைச்சன். கால் தன்பாட்டிலை நடந்திட்டுது."

அன்று நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். அதன்பின் ஒரு வியாழனையும் அவள் விட்டுக்கொடுத்ததில்லை.

சொல்லிவிடலாமே என்கிறீர்கள். சொன்னால் அவளுடைய தோழியைப் பறித்தவளாவேன். சொல்லாவிட்டால்? அவள் பட்டதைத் திருடி இன்னொருத்திக்குக் கொடுத்து, பாராட்டையும் வாங்கியவள்தானே நான்... புதிய மாணவர்கள் ரோசாவை மேற்கோள் காட்டும்போது தலையைக் குனிந்துகொள்கிறேன்.

இன்றும் வியாழன்தோறும் ரோசாவிடம் கொடுக்கச் சொல்லி ஒரு டப்பா கட்லட் தருகிறாள். படிக்கட்டில் நின்றே தின்றுவிடுகிறேன். என்ன ருசி!

போன வாரம் கேட்டாள். "ரோசா என்னவாம்?"

"உறைப்புக் கொஞ்சம் கூடவாம், சின்னம்மா."

இந்த வாரக் கட்லட்டில் மிளகாயே இல்லை. அதையும் நான்தான் தின்றேன்.